பேச்சுத் தலைப்புத் தேர்வு

பேச்சுத் தலைப்புத் தேர்வு என்பது மேடைப் பேச்சு, சொற்பொழிவு, ஆய்வுரை, பட்டிமன்றம், பேச்சுப் போட்டி முதலியவற்றுக்கு உரிய பொருளைத் தெரிவு செய்து, அதன் எல்லையை வரையறுத்து, அதற்கு ஏற்ற பெயரை இடும் செயல்முறை ஆகும். பேச்சுக்கலையில் இது முதற்படியாகக் கருதப்படுகிறது. செய்தி திரட்டுதல், நிரல்படுத்தல், எழுதுதல், மனனம் செய்தல், அரங்கில் நிகழ்த்துதல் ஆகிய பிற படிகள் அனைத்தும் இதனைச் சார்ந்தே அமைகின்றன. பேச்சாளரின் அறிவு, கேட்போரின் தேவை, நிகழ்வின் நோக்கம், தரப்பட்ட நேரம் ஆகிய நான்கும் இத்தேர்வைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகள் ஆகும்.

பொருளைத் தேர்வதும் தலைப்பு இடுவதும் ஒன்றல்ல. ஒரே பொருளுக்குப் பல தலைப்புகள் இருக்கலாம். ஒரே தலைப்பில் பலர் வெவ்வேறு கருத்துகளைப் பேசலாம். பேச்சாளர் இட்ட தலைப்பு மறைந்து, கேட்டவர்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்ட பேச்சுகளும் வரலாற்றில் உண்டு.

சொற்பொருள்

அன்றாட வழக்கில் "தலைப்பு" என்னும் சொல் பல பொருள்களில் ஆளப்படுகிறது. பேச்சுப் பயிற்சியில் பின்வரும் நான்கையும் வேறுபடுத்தி அறிதல் பயனுள்ளது.

* பொருள் - பேச்சு எத்துறையைச் சார்ந்தது என்பது. எடுத்துக்காட்டு: நீர்.
* எல்லை - அத்துறையில் எப்பகுதி மட்டும் பேசப்படும் என்பது. எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டு ஏரிகளின் பராமரிப்பு.
* மையக் கருத்து - பேச்சாளர் நிறுவ விரும்பும் கூற்று. இது ஒரு முழு வாக்கியமாக அமையும். எடுத்துக்காட்டு: ஏரியைத் தூர்வாருவதற்கு முன் அதன் வரத்துக் கால்வாயை மீட்க வேண்டும்.
* தலைப்பு - பேச்சின் பெயர். எடுத்துக்காட்டு: தண்ணீர் வரும் வழி.

இவற்றுள் மையக் கருத்தே பேச்சின் உயிர்ப்பகுதி ஆகும். மாற்றுக் கருத்துடைய ஒருவர் மறுத்துரைக்கக் கூடியதாக அது இருத்தல் வேண்டும். "நீர் இன்றியமையாதது" என்பதை எவரும் மறுப்பதில்லை. எனவே அதனை நிறுவ ஒரு பேச்சும் தேவைப்படுவதில்லை. விளக்க உரைகளில் மட்டும் மையக் கருத்து மறுப்புக்கு உரியதாக இல்லாமல், கேட்போர் அதுவரை அறியாத ஒன்றாக இருந்தால் போதுமானது.

வரலாறு

கிரேக்க, உரோம மரபு

பண்டைய கிரேக்கத்தில் பேச்சுக்கலை தனிக் கல்வித் துறையாக வளர்ந்தது. கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிசுட்டாட்டில் பேச்சுகளை மூன்றாக வகுத்தார். அவை இனிச் செய்யத்தக்கதை ஆராயும் அவைப் பேச்சு, நடந்து முடிந்ததை ஆராயும் வழக்குமன்றப் பேச்சு, ஒருவரைப் போற்றும் அல்லது பழிக்கும் விழாப் பேச்சு என்பனவாகும். ஒரு பேச்சு எதிர்காலத்தைப் பற்றியதா, இறந்த காலத்தைப் பற்றியதா, நிகழ்காலத்தைப் பற்றியதா என்று கேட்டுத் தெளிவது இன்றும் பொருள் தேர்வுக்கு உதவும் எளிய வழி ஆகும்.

வாதங்களைக் கண்டெடுக்கும் முறைகளை அரிசுட்டாட்டில் "இடங்கள்" என்று குறித்தார். இடம் எனப் பொருள்படும் "டோபோஸ்" என்னும் கிரேக்கச் சொல்லின் வழியே ஆங்கிலத்தில் பேச்சுப் பொருளைக் குறிக்கும் "டாபிக்" என்னும் சொல் பிறந்தது. அளவு, காரணம், விளைவு, ஒப்புமை, முரண் போன்றவை இவ்வகை இடங்கள் ஆகும். சிசெரோ முதலிய உரோமப் பேச்சாளர்கள் பேச்சுக்கலையை ஐந்து கூறுகளாகப் பிரித்தனர். அவற்றுள் முதலாவது சொல்ல வேண்டியதைக் கண்டறிதல் ஆகும். நிரல்படுத்தல், நடை, நினைவு, நிகழ்த்துதல் ஆகியன அதனைத் தொடர்ந்து வருவன.

தமிழ் மரபு

திருக்குறளில் சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) ஆகிய அதிகாரங்கள் பேசுவோரின் தகுதியைக் கூறுகின்றன. இவற்றுள் அவையறிதல், கேட்போரின் தரம் அறிந்து பேசுவதை வலியுறுத்துவதால் பொருள் தேர்வோடு நெருங்கிய தொடர்புடையது. மணிமேகலையின் விழாவறை காதையில் கற்றோர் கூடி வாதிடும் பட்டிமண்டபம் குறிப்பிடப்படுகிறது.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி நூல்களைப் பற்றியதாயினும், பேச்சுக்கும் பெரிதும் பொருந்துவது. சிறப்புப் பாயிரத்தில் கூறப்பட வேண்டியவற்றுள் நூற்பெயர், எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றை நன்னூல் தனித்தனியே எண்ணுகிறது. காலம், களம், காரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொள்ளும் வழக்கையும் அது சுட்டுகிறது. பெயர் வேறு, பொருள் வேறு என்னும் தெளிவு தமிழ் இலக்கண மரபில் முன்பே இருந்ததை இது காட்டுகிறது. நூல்களுக்குப் பெயர் அமையும் முறைகளையும் நன்னூல் தொகுத்துக் கூறுகிறது. முதல்நூல், ஆக்கியோன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை போன்ற காரணங்களாலும், காரணம் கருதாத இடுகுறியாலும் பெயர் அமையலாம் என்பது அதன் கருத்து.

தற்காலத் தமிழ் மேடைப் பேச்சின் முன்னோடிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ஆவார். இவர் 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது சமயப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 20 ஆம் நூற்றாண்டில் திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோர் அரசியல் மேடையில் நல்ல தமிழை வழங்கினர். 1939 ஆம் ஆண்டு சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் போன்ற அமைப்புகள் இலக்கியப் பொருள்களை மக்கள் அரங்குக்குக் கொண்டு சென்றன.

பொருளைத் தெரிவு செய்தல்

பேச்சாளர்

பேச்சாளர் தாம் பட்டறிந்த, படித்தறிந்த அல்லது அறிய விரும்பும் பொருளைத் தெரிவு செய்வது நலம். முழுதும் அறியாத பொருளைத் தெரிவு செய்யக்கூடாது என்பதில்லை. எனினும் பேச்சு நாளுக்கு முன் அதனைக் கற்றுத் தேறக் காலம் உள்ளதா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பொருள் பற்றிக் கேட்போர் எழுப்பக் கூடிய இரண்டு வினாக்களுக்கேனும் எழுதி வைத்த உரையைப் பாராமல் விடை கூற முடியுமானால் அப்பொருளை ஏற்கலாம்.

அவை

கேட்போரின் வயது, கல்வி, தொழில், அப்பொருள் பற்றிய முன்னறிவு ஆகியவை கருதப்பட வேண்டும். ஒரே பொருளை வேறு அவைக்கு வேறு வகையில் எல்லைப்படுத்த இயலும். எடுத்துக்காட்டாக, மண்புழு உரம் பற்றிப் பள்ளி மாணவரிடம் பேசுபவர் மண்புழுவின் உணவு முறையை விளக்கலாம். உழவர் கூட்டத்தில் பேசுபவர் செலவையும் விளைச்சலையும் ஒப்பிட்டுக் கூற வேண்டியிருக்கும்.

நிகழ்வும் காலமும்

நினைவுக் கூட்டம், பாராட்டு விழா, பட்டமளிப்பு விழா, ஆய்வரங்கு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரம்பை உடையது. சில நிகழ்வுகளில் இவ்வரம்பு எழுத்து வடிவிலேயே உள்ளது. நோபல் பரிசு பெறுவோர், பரிசுக்குக் காரணமான தமது பணியோடு தொடர்புடைய பொருளில் ஆறு மாதத்துக்குள் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என நோபல் அறக்கட்டளையின் விதி கூறுகிறது. தமிழ்க் குடும்பங்களில் பிறந்த மூவர் இவ்விதியின்படி உரையாற்றியுள்ளனர். சி. வி. இராமன் 1930 ஆம் ஆண்டில் ஒளியின் மூலக்கூற்றுச் சிதறல் பற்றியும், சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983 ஆம் ஆண்டில் விண்மீன்களின் படிமலர்ச்சி, நிலைப்புத்தன்மை பற்றியும், வெங்கட்ராமன் இராமகிருட்டிணன் 2009 ஆம் ஆண்டில் இரைபோசோமின் கட்டமைப்பு பற்றியும் பேசினர். மூன்று தலைப்புகளும் அணியின்றி, பொருளை நேரே சொல்வனவாக அமைந்தன.

நேரம்

நேரம் குறைவாக இருக்கும்போது எல்லையும் குறுகியதாக இருக்க வேண்டும். 1863 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் நகரில் போர்வீரர் கல்லறைத் தோட்டத் திறப்பு விழாவில் முதன்மைப் பேச்சாளரான எட்வர்டு எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு அர்ப்பணிப்புக்குரிய சில சொற்கள் கூறும் பணி மட்டுமே தரப்பட்டிருந்தது. அவர் ஏறத்தாழ 270 சொற்களில், இறந்தவர்களுக்கு வாழ்வோர் செய்ய வேண்டிய கடன் என்னும் ஒரே கருத்தைப் பேசி அமர்ந்தார். இன்று நினைக்கப்படுவது அவ்வுரையே. தற்காலத்தில் "டெட்" மேடையில் பேசுவோருக்கு 18 நிமிட வரம்பு உள்ளது. பள்ளிப் போட்டிகளில் ஐந்து நிமிடம் போன்ற குறுகிய நேரமே தரப்படுகிறது. இதில் ஒரு மையக் கருத்தும், அதற்கு இரண்டு அல்லது மூன்று சான்றுகளும் மட்டுமே இடம்பெற இயலும்.

பொருளைக் குறுக்குதல்

பரந்த பொருளைப் படிப்படியாகக் குறுக்கி மையக் கருத்தை அடையும் முறைக்குப் பின்வருவது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

1. நீர்.
2. தமிழ்நாட்டின் நீர்நிலைகள்.
3. ஏரிகள்.
4. ஏரிகளின் பராமரிப்பு.
5. ஊரார் கூடி ஏரியைப் பேணிய குடிமராமத்து முறை.
6. குடிமராமத்து நலிந்தபோது வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடம் சென்றது என்னும் வினா.
7. ஏரியைக் காக்கும் பொறுப்பில் பாசனம் பெறும் ஊராருக்குப் பங்கு இல்லாவிடில் தூர்வாரிய ஏரியும் மீண்டும் தூர்ந்துவிடும் என்னும் மையக் கருத்து.

முதற்படியில் நின்று பேசுபவர் கடல், மழை, ஆறு, குடிநீர், மாசு எனப் பலவற்றைத் தொட்டு எதனையும் விளக்காமல் முடிக்க நேரும். ஏழாம் படியில் நிற்பவர் தம் ஊர் ஏரி ஒன்றைச் சான்றாகக் கொண்டே ஐந்து நிமிடத்தை நிறைவு செய்ய இயலும். மேலும், பரந்த பொருளுக்குரிய செய்திகள் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருக்கும். குறுகிய பொருளுக்குரிய செய்திகளைப் பேச்சாளர் நேரில் சென்று கேட்டும் கண்டும் திரட்ட முடியும்.

அளவுக்கு மீறிக் குறுக்குவதும் குறைபாடே. ஒரு மதகின் கட்டுமானத்தை மட்டும் பேசுவது பொறியியல் மாணவர் அவைக்குப் பொருந்தலாம். பொது அவைக்கு அது எதற்கு எனத் தோன்றும். "இதனால் கேட்போருக்கு ஆவது என்ன?" என்னும் வினாவுக்கு விடை உள்ள அளவில் நிறுத்திக்கொள்வது வழக்கம்.

தலைப்பு இடுதல்

தலைப்பின் வகைகள்

* விளக்கத் தலைப்பு: பொருளை நேரடியாகக் கூறுவது. ஆய்வரங்குகளுக்கு ஏற்றது.
* வினாத் தலைப்பு: கேட்போரிடம் வினா எழுப்புவது. அமெரிக்காவில் அடிமை நிலையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், விடுதலை நாளையொட்டிப் பேசுமாறு அழைக்கப்பட்டு 1852 ஆம் ஆண்டு சூலை 5 ஆம் நாள் ரோச்செஸ்டர் நகரில் உரையாற்றினார். அடிமைக்கு இவ்விடுதலை நாளால் ஆவது என்ன என்னும் வினாவே இன்று அவ்வுரையின் பெயராக வழங்குகிறது.
* கூற்றுத் தலைப்பு: பேச்சாளரின் நிலைப்பாட்டை அறிவிப்பது. 1927 ஆம் ஆண்டில் பெர்ட்ரண்டு ரசல் இலண்டனில் நிகழ்த்திய "நான் ஏன் கிறித்தவன் அல்லன்" என்னும் உரை இதற்கு எடுத்துக்காட்டு.
* உருவகத் தலைப்பு: பொருளை ஒரு படிமத்தால் சுட்டுவது. 1959 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் இயற்பியலாளர் ரிச்சர்டு பெயின்மன் மிகச் சிறிய அளவில் பொருள்களைக் கையாளும் வாய்ப்புகள் பற்றிப் பேசினார். அடியில் இடம் ஏராளமாக உள்ளது என்பது அவ்வுரைத் தலைப்பின் கருத்து ஆகும். பின்னாளில் இவ்வுரை மீநுண் தொழில்நுட்பத்தின் முன்னறிவிப்பாகக் கருதப்பட்டது.
* இணைத் தலைப்பு: இரண்டு பொருள்களை உறவுபடுத்துவது அல்லது எதிர்நிறுத்துவது. அறிவியலாளருக்கும் இலக்கியவாணருக்கும் இடையிலான பிளவைப் பற்றி சி. பி. சினோ 1959 ஆம் ஆண்டு கேம்பிரிட்ச்சில் ஆற்றிய "இரு பண்பாடுகள்" என்னும் உரை இவ்வகையினது.

நல்ல தலைப்பின் இயல்புகள்

* ஒருமுறை கேட்டவுடன் திருப்பிச் சொல்லும் அளவுக்குச் சுருக்கமாக இருத்தல்.
* வாயால் சொல்ல எளிதாக இருத்தல். எழுத்தில் அழகாக உள்ள நீண்ட தொகைச்சொற்கள் ஒலிபெருக்கியில் தெளிவாக விளங்குவதில்லை.
* பேச்சில் இல்லாத ஒன்றை வாக்களிக்காதிருத்தல்.
* முடிவு முழுவதையும் முன்கூட்டியே வெளிப்படுத்தாதிருத்தல். ஆய்வுரைகளுக்கு இது பொருந்தாது.
* அவையில் உள்ள எவரையும் பிறப்பு, உடல், தொழில் காரணமாக இழிவு செய்யாதிருத்தல்.

தலைப்பு இடும் காலம்

அழைப்பிதழ், சுவரொட்டி ஆகியவற்றில் அச்சிட வேண்டியிருப்பதால், அமைப்பாளர்கள் பேச்சு எழுதப்படுவதற்கு முன்பே தலைப்பைக் கேட்பது வழக்கம். இந்நிலையில் பேச்சாளர் எல்லையை மட்டும் குறிக்கும் தற்காலிகத் தலைப்பைத் தருவது நலம். போட்டிகளில் இத்தகைய வாய்ப்பு இல்லாவிடினும், மாணவர்கள் பேச்சை எழுதி முடித்தபின் தலைப்பை மீண்டும் படித்துப் பார்ப்பது பயன் தரும். எழுதிய பேச்சு தலைப்பிலிருந்து விலகியிருந்தால் தலைப்பையோ பேச்சையோ திருத்த வேண்டும்.

தரப்பட்ட தலைப்பில் பேசுதல்

பேச்சுப் போட்டிகளில் பெரும்பாலும் தலைப்பு முன்னரே தரப்படுகிறது. தமிழ்நாட்டில் தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நடத்தும் போட்டிகளும், இலங்கையில் அகில இலங்கைத் தமிழ்த்தினப் போட்டிகளும் மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டவை. இவற்றில் தெரிவு இல்லை என்று கருதுவது பிழையாகும். தலைப்பு மட்டுமே தரப்படுகிறது. எல்லையும் மையக் கருத்தும் பேச்சாளரின் தெரிவாகவே உள்ளன. ஒரே தலைப்பில் முப்பது மாணவர்கள் பேசும் அரங்கில், தனக்கெனக் குறுகிய எல்லை வகுத்துக்கொண்ட மாணவரின் பேச்சு நடுவர்களால் எளிதில் வேறுபடுத்தி அறியப்படும்.

தரப்பட்ட பொருளைப் பகுத்து நோக்கியதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆங்கில எழுத்தாளர் வர்சீனியா வூல்ஃப் ஆவார். 1928 ஆம் ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ச்சின் இரு பெண்கள் கல்லூரிகளில் பெண்களும் புனைகதையும் என்னும் பொருள் பற்றிப் பேச அவர் அழைக்கப்பட்டார். பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதா, பெண்கள் எழுதும் புனைகதையா, பெண்களைப் பற்றி எழுதப்படும் புனைகதையா என அப்பொருளை அவர் பிரித்துப் பார்த்தார். இறுதியில் ஒரு பெண் எழுதுவதற்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் தேவை என்னும் ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அவ்வுரைகளின் விரிவு 1929 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது அந்த அறையே நூலின் பெயரில் இடம்பெற்றது.

முன்னேற்பாடு இன்றிப் பேசும் போட்டிகளில் தலைப்பு சில நிமிடங்களுக்கு முன் மட்டுமே தெரியவரும். 1924 ஆம் ஆண்டு ரால்ஃப் சுமெட்லி கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் கூட்டங்களில் இதற்கெனத் தனிப் பகுதி உண்டு. இவ்வகைப் பேச்சில் முன்பு - இன்று - இனி, சிக்கல் - காரணம் - தீர்வு, வீடு - ஊர் - நாடு போன்ற ஆயத்த அமைப்புகளுள் ஒன்றைத் தெரிவு செய்வது கைகொடுக்கும்.

வாத அரங்குகளில் தலைப்பு

பட்டிமன்றம், வழக்காடு மன்றம், சொல்லரங்கம், விவாதப் போட்டி ஆகியவற்றில் தலைப்பே அரங்கின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பட்டிமன்றத் தலைப்பு இரண்டு அல்லது மூன்று அணிகளுக்கு இடம் தரும் வினாவாக அமையும். கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் தலைப்பு ஆகும். வழக்காடு மன்றத்தில் ஒரு குற்றச்சாட்டு தலைப்பாகும். இராமன் வாலியை மறைந்து நின்று கொன்றது குற்றம் என்பது போன்றவை இதில் அடங்கும். சொல்லரங்கத்தில் ஒரு பொதுத் தலைப்பு சிறு தலைப்புகளாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஒன்று தரப்படும்.

பட்டிமன்றத் தலைப்பில் இரு அணிகளும் ஏறத்தாழச் சம வலிமை உடையனவாக இருக்க வேண்டும். ஒப்பிடும் அளவுகோல் தலைப்பிலேயே தெளிவாக இருக்க வேண்டும். சில தலைப்புகள் வினாவுக்கு உள்ளேயே ஒரு முடிவை மறைத்து வைத்திருக்கின்றன என்னும் விமர்சனமும் உண்டு. மேலே கூறிய கற்பு பற்றிய தலைப்பில், கோவலனை எந்த அணியும் விசாரிக்க வேண்டியதில்லை. பெண்ணையே அளக்க வேண்டும் என்பதைத் தலைப்பு முன்னரே தீர்மானித்துவிடுகிறது. தலைப்பின் எடுகோளையே வினவும் பேச்சாளருக்கு விதிப்படி அணி இல்லை; எனினும் தேர்ந்த நடுவர்கள் தீர்ப்புரையில் அதனைச் சுட்டிக்காட்ட இயலும்.

விவாதத் தீர்மானத்தின் சொல்லமைப்பு அரங்குக்கு வெளியேயும் விளைவை ஏற்படுத்தக்கூடும். 1933 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் ஆக்சுபோர்டு மாணவர் மன்றம், எந்நிலையிலும் அரசனுக்காகவும் நாட்டுக்காகவும் இம்மன்றம் போரிடாது என்னும் தீர்மானத்தை விவாதித்து 275 - 153 என்னும் வாக்கு விகிதத்தில் நிறைவேற்றியது. மாணவர் மன்றத்தின் இத்தலைப்பு பிரித்தானியச் செய்தித்தாள்களில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

தமிழ்நாட்டில் 1943 ஆம் ஆண்டு கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகியவற்றைக் கொளுத்த வேண்டுமா என்னும் பொருள் பற்றிச் சொற்போர்கள் நிகழ்ந்தன. சி. என். அண்ணாதுரை ஒரு தரப்பில் நின்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் வாதிட்டார். இச்சொற்போர்கள் பின்னர் "தீ பரவட்டும்" என்னும் பெயரில் நூலாயின. வினாவாக இருந்த விவாதப் பொருள், ஒரு தரப்பின் அறைகூவலாக நூலின் தலைப்பில் மாறியிருப்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இட்ட தலைப்பும் நிலைத்த பெயரும்

வின்சுடன் சர்ச்சில் 1946 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் நாள் அமெரிக்காவின் புல்டன் நகரில் ஆற்றிய உரைக்கு அமைதியின் வலிமை பற்றிய தலைப்பை இட்டிருந்தார். ஆனால் அதில் இடம்பெற்ற "இரும்புத் திரை" என்னும் தொடரே அவ்வுரையின் பெயராக உலகெங்கும் பரவியது. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆம் ஆண்டு ஆகத்து 28 ஆம் நாள் வாசிங்டனில் ஆற்றிய உரையின் வரைவு ஒன்று, பழைய இயல்புநிலை இனி வேண்டா என்னும் கருத்துடைய தலைப்பைக் கொண்டிருந்தது. கனவு பற்றிய பகுதி அன்றைய எழுத்துப் படியில் இல்லை. முன்பு வேறு கூட்டங்களில் பேசியதை அவர் மேடையில் சேர்த்துக்கொண்டார். இன்று அவ்வுரை அக்கனவின் பெயராலேயே அறியப்படுகிறது. அவைக்குத் தலைப்பை விட ஒரு தெளிவான படிமமே நினைவில் நிற்கும் என்பதை இவை உணர்த்துகின்றன.

பொருள் பற்றிய உரிமை

பேச்சின் பொருளையும் எல்லையையும் முடிவு செய்வது அழைப்பவரா, பேசுபவரா என்பது பலமுறை எழுந்துள்ள சிக்கல் ஆகும். இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு அம்பேத்கரின் "சாதி ஒழிப்பு" என்னும் உரை ஆகும். இலாகூரில் இயங்கிய சாதி எதிர்ப்பு அமைப்பான சாத்-பாத் தோடக் மண்டல் தனது 1936 ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்க வேண்டும் என்னும் பொருளில் இரு தரப்பினருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால், சாதிக்கு அடிப்படையாக உள்ள சாத்திரங்களின் அதிகாரத்தையே மறுக்க வேண்டும் என்னும் அம்பேத்கரின் மையக் கருத்தை அமைப்பாளர்கள் ஏற்கவில்லை. உரையின் சில பகுதிகளை நீக்குமாறு அவர்கள் கேட்டனர். அம்பேத்கர் மாற்ற மறுத்தார். மாநாடு கைவிடப்பட்டது.

அம்பேத்கர் அவ்வுரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு 1936 ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டார். அமைப்பாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அதில் சேர்த்தார். காந்தி தமது அரிசன் இதழில் அதற்கு மறுப்புரை எழுதினார். அதுவும் அம்பேத்கரின் விடையும் அடுத்த பதிப்பில் இணைக்கப்பட்டன. நிகழ்த்தப்படாத அப்பேச்சு இன்று பல மொழிகளில் வாசிக்கப்படுகிறது. பொருளில் உடன்பாடு இருப்பது மட்டும் போதாது, மையக் கருத்தையும் முன்னரே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது அமைப்பாளருக்கு இதன் பாடம். அழைப்பை இழந்தாலும் கருத்தை இழக்க வேண்டியதில்லை என்பது பேச்சாளருக்கு இதன் பாடம்.

பள்ளி, கல்லூரி மாணவருக்கும் சிறிய அளவில் இந்நிலை ஏற்படுவது உண்டு. தமக்கு உடன்பாடு இல்லாத தரப்பில் பேசுமாறு பணிக்கப்படும் மாணவர், அது வாதப் பயிற்சியா, தம் சொந்தக் கருத்தாக அறிவிக்கப்படுவதா என்பதைக் கேட்டுத் தெளியலாம். முதலாவது, எதிர்த்தரப்பின் காரணங்களை உணர உதவும் நல்ல பயிற்சி ஆகும். இரண்டாவதாயின் வேறு தலைப்பைக் கேட்பதில் தவறில்லை.

பொதுவான தவறுகள்

* "இளைஞர் சக்தி", "அன்னைத் தமிழ்" போன்ற பரந்த பொருள்களை எல்லை வகுக்காமல் பேசுதல்.
* கவர்ச்சியான தலைப்பை முதலில் இட்டுவிட்டு அதற்கேற்பக் கருத்தை வளைத்தல்.
* பிறர் பேசிப் புகழ்பெற்ற தலைப்பையும் பொருளையும் அப்படியே எடுத்தாளுதல்.
* சான்று கிடைக்காத பொருளைத் தெரிவு செய்து, அடைமொழிகளால் நேரத்தை நிரப்புதல்.
* அவைக்கு முன்பே தெரிந்ததை மீண்டும் கூறுதல்.
* துயரம் நிகழ்ந்த இடத்தில், துயருற்றோரின் நிலையை எண்ணாது பொருளைத் தெரிவு செய்தல்.

தேர்வைச் சோதித்தல்

தெரிவு செய்த பொருளையும் தலைப்பையும் பின்வரும் வினாக்களால் சோதிக்கலாம்.

1. மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா?
2. அவ்வாக்கியத்தை மறுப்பவர் என்ன கூறுவார்?
3. பேச்சாளர் தாமே கண்ட அல்லது தேடி அறிந்த சான்று ஒன்றேனும் உள்ளதா?
4. உரக்கப் பேசிப் பார்த்தால் குறித்த நேரத்துக்குள் முடிகிறதா?
5. பேச்சைக் கேட்ட ஒருவர் வீட்டுக்குச் சென்று அதனை ஒரே வரியில் மற்றவரிடம் கூற முடியுமா?
6. தலைப்பை மட்டும் கேட்பவர் எதிர்பார்ப்பதும், பேச்சு தருவதும் ஒன்றாக உள்ளனவா?

இவற்றுள் ஐந்தாம் வினாவைத் தோழர் ஒருவரைக் கொண்டு சோதிப்பது எளிது. பேச்சை அவரிடம் பேசிக் காட்டி, அவர் கூறும் ஒரு வரியை எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வரி பேச்சாளரின் மையக் கருத்தோடு ஒத்திருந்தால் தேர்வு சரியானது. வேறாக இருந்து, ஆனால் மேலும் சிறப்பாக இருந்தால், அதனையே மையக் கருத்தாகக் கொண்டு பேச்சைத் திருத்தி அமைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* மேடைப் பேச்சு
* பட்டிமன்றம்
* வழக்காடு மன்றம்
* அவையறிதல்
* நன்னூல்
* சாதி ஒழிப்பு